முதல் பாட்டுக்கு முன்

ஷார்ஜா
நவம்பர் 6, 2024

அன்புள்ள சங்கீதாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? வேல்ஸில் இந்நேரம் குளிர் ஏறியிருக்கும். டியூட்டி முடிந்து நடந்து வராதே, பஸ் பிடித்து வா.

என்னடா இது, மெயிலில் எழுதுகிறாளே என்று பார்க்காதே. வாட்ஸ்அப்பில் எது போட்டாலும் நம் பெண் அனன்யாவின் ஐபேடிலும் போய் விழுகிறது. போனில் பேசலாமென்றால் உன் அத்தான் வீட்டிலேயே இருக்கிறார். பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் வகுப்பில்லாத நேரத்தில் உட்கார்ந்து இதை அடிக்கிறேன்.

இரண்டு செவ்வாய்க்கிழமையாக அவர் கொயருக்குப் போகவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது என்கிறார். உனக்குத்தான் தெரியுமே, ஆறு வருஷத்தில் காய்ச்சலோடுகூடப் போனவர். வெல்ஷ்காரர்கள் நடத்தும் ஆண்கள் பாடகர் குழுவில் ஒரே தமிழன் என்பதில் அவருக்கு எவ்வளவு பெருமை! அவர்களுடைய டோ-ரே-மி தாளை ச-ரி-க-ம என்று மாற்றி எழுதி வைத்துக்கொண்டு பாத்ரூமில் வெல்ஷ் துதிப்பாடல் பாடுவார். இப்போது பாத்ரூமிலும் சத்தமில்லை.

உன் வீட்டுக்கார அம்மாள் மெகனிடம் அவருடைய தம்பி டெல்வின் ஏதாவது சொன்னாரா? விசேஷமாக ஒன்றுமில்லை, சும்மா கேட்கிறேன்.

போன மாதம் சைட்டில் ஒரு விபத்து. ஒருவர் இறந்துவிட்டார். அரியலூர் பக்கத்து ஆள்.

பத்திரமாக இரு.
அன்புடன்,
நளினி

•

வேல்ஸ்
நவம்பர் 9, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இடுப்பு வலி குறைந்திருக்கிறது. குளிர் குறையவில்லை. அனன்யாவுக்கு என் முத்தம்.

அக்கா, நீ எப்போதும் இப்படித்தான். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்றும் மாவரைத்தது, மழை பெய்தது எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் விஷயத்தைச் சொன்னாய். இறந்தவரையும் கடைசி வரியில் வைத்திருக்கிறாய். அத்தான் சேஃப்டி மேனேஜர். டெல்வின் அதே சைட்டின் புராஜெக்ட் மேனேஜர். அத்தானுக்குத் தொண்டைதான் கட்டியிருக்கிறதா?

டெல்வின் ஞாயிற்றுக்கிழமை போன் செய்யவில்லை என்று மெகன் சொன்னாள். வேலை அதிகமாக இருக்கும் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

உடனே எழுது.
உன்,
சங்கீதா

•

ஷார்ஜா
டிசம்பர் 2, 2024

அன்புள்ள சங்கீ,

எல்லோரும் சௌக்கியம். உடனே எழுது என்றாய். மூன்று முறை எழுதி அழித்தேன். இந்த முறை விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இறந்தவர் பெயர் பொன்னுச்சாமி. குழாய் பதிக்க வெட்டிய ஆழமான பள்ளத்தில் இறங்கியிருந்தபோது ஒரு பக்கச் சுவர் சரிந்து மூடிவிட்டது. ஃபோர்மேன் அன்பரசன் கையாலேயே மண்ணைத் தோண்டி அவரை எடுத்தார். போலீஸ் பிடித்து வைத்திருப்பது அந்த அன்பரசனைத்தான். முட்டுப் பலகை இல்லாத பள்ளத்தில் ஆளை இறக்கியது ஃபோர்மேனின் தவறு என்று கம்பெனி சொல்லிவிட்டது.

முந்தின நாள் செவ்வாய்க்கிழமை. அன்று மாலை உன் அத்தான் அந்தப் பள்ளத்தைப் பார்த்திருக்கிறார். வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்று டெல்வின் ஒரு பக்கத்துப் பலகைகளைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார். அன்பரசன் கேட்டிருக்கிறார், "சார், காலைல ஆள எறக்கலாமா, வேணாமா?" "டெல்வின்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறார் இவர். வேலையை நிறுத்தும் அதிகாரம் இவருக்கே உண்டு, சங்கீ. ஆனால் அன்று கொயர் நாள். எப்படியும் அங்கே டெல்வினைப் பார்க்கப்போகிறோமே, எழுத்தில் போட்டுப் பெரிதாக்காமல் நேரில் சொல்லிவிடலாம் என்று நினைத்துவிட்டார்.

கொயர் ஹாலில் ஒரு தகர டப்பா உண்டு. உள்ளே வந்து வேலைப் பேச்சுப் பேசினால் ஒரு திர்ஹாம் போட வேண்டும். தங்கள் ஊர்ச் சுரங்கத் தொழிலாளர் கொயரின் வழக்கம் என்று டெல்வின் கொண்டுவந்தது. வரிசையில் நின்றுவிட்டால் அதிகாரியும் இல்லை, கீழாளும் இல்லை. உன் அத்தானுக்கு அந்த கொயரில் மிகவும் பிடித்ததே அதுதான். "பகல் பூரா நான் பயப்படற ஆளு, சாயந்திரம் என் பக்கத்துல நின்னு என் குரலுக்கு ஒத்துப் பாடறான் நளினி" என்பார்.

கொயர்காரர்களின் மனைவிமார் முறை வைத்து டீ ஊற்றுவோம். அன்று என்னுடைய முறை. "டெல்வின், அந்த வடக்குப் பள்ளம்..." என்று இவர் ஆரம்பித்தார். டெல்வின் டப்பாவை எடுத்து இவர் காதருகே குலுக்கினார். எல்லோரும் சிரித்தார்கள். "இல்லை, பலகை..." என்றார். மறுபடியும் குலுக்கல். இவரும் சிரித்துவிட்டுக் காசைப் போட்டார். அவ்வளவுதான். காலையில் டெல்வின் ஆபீஸிலிருந்து வேலையைத் தொடங்கச் சொல்லி அன்பரசனுக்குப் போன் போயிருக்கிறது. உன் அத்தான் அப்போது வேறொரு சைட்டில் இருந்தார்.

விசாரணையில் "பலகை இருந்ததா என்று கவனிக்கவில்லை" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் அன்பரசன் வெளியே வருவார். இவர் உள்ளே போகலாம். வேலையும் விசாவும் போவது நிச்சயம். பிப்ரவரியில் அனன்யாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை.

இதைப் படித்ததும் அழித்துவிடு.
நளினி

•

வேல்ஸ்
டிசம்பர் 5, 2024

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீயும் இருக்க மாட்டாய்.

அத்தானைச் சொல்லச் சொல். நாளைக்கே. இந்தப் பள்ளத்தாக்கில் சேப்பலுக்கு வெளியே ஒரு கல் நிற்கிறது. சுரங்கத்தில் செத்தவர்களின் பெயர்கள். தினமும் அதைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் 'கவனிக்கவில்லை' என்று சொன்னவன் ஒருவன் இருந்திருப்பான். அத்தான் அப்படிப்பட்டவர் இல்லை. எனக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்து, ராத்திரி பகலாக உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

இன்னொரு மனிதன் ஜெயிலில் இருக்கும்போது அனன்யா எழுதும் பரீட்சை நமக்கு எதற்கு, அக்கா?

சங்கீதா

•

ஷார்ஜா
டிசம்பர் 7, 2024

சங்கீதாவுக்கு,

நாங்கள் நலம்.

உனக்கு எளிதாகத்தான் இருக்கும். அந்தக் கல்லைத் தாண்டிப் போய்ச் சம்பளம் வாங்குகிறாய். மாலையில் திரும்பி வந்து படுக்கும் அறை யாருடையது? அந்த ஊரில் உனக்கு வீடு கிடைக்காமல் நின்றபோது, தன் அக்காவிடம் சொல்லி மாடியை வாங்கிக் கொடுத்தது யார்? மெகனிடம் போய், "உன் தம்பி ஒருவன் சாகக் காரணம்" என்று நீ சொல்லிவிட்டாயா? முதலில் அதைச் சொல். பிறகு எனக்குப் பாடம் எடு.

நேற்று டெல்வின் வந்திருந்தார். கிறிஸ்துமஸ் கேக் கொண்டுவந்தார். அனன்யாவின் காலேஜ் விண்ணப்பத்துக்குத் தானே சிபாரிசு எழுதித் தருவதாகச் சொன்னார். அவள் குதித்தாள். போகும்போது உன் அத்தானின் தோளைத் தொட்டு, எப்போதும்போல் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டு, "தொண்டை சரியாகட்டும், கௌரி. வரிசையில் உன் இடத்தை நான் யாருக்கும் கொடுக்கவில்லை" என்றார். அன்பா மிரட்டலா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கே புரிந்திருக்காது. லிஃப்ட் வரும்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

கேக்கை நான் தொடவில்லை. இவரும்தான். அனன்யா தனியாகத் தின்றுகொண்டிருக்கிறாள்.

நளினி

•

வேல்ஸ்
ஜனவரி 14, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் வாழ்த்துகள். இங்கே வெல்லம் கிடைக்கவில்லை. நாட்டுச் சர்க்கரையில் பொங்கினேன். மெகனுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். பாயசம் கெட்டியாகிவிட்டதா என்று கேட்டாள்.

நீ எழுதிய பிறகு நான் பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை. மெகனைப் பற்றி நீ கேட்ட கேள்விதான் காரணம். மெகனிடம் இன்னும் சொல்லவில்லை.

அத்தான் பாடுகிறாரா?

சங்கீதா

•

வேல்ஸ்
பிப்ரவரி 3, 2025

அன்புள்ள அக்கா,

நீ பதில் எழுதவில்லை. இருந்தாலும் இது உனக்குத் தெரிய வேண்டும்.

போன வாரம் மெகன் என்னைச் சேப்பல் ஹாலில் நடக்கும் கொயர் பயிற்சிக்குக் கூட்டிப்போனாள். முக்கால்வாசிப் பேருக்கு எழுபது வயதிருக்கும். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு வந்து நின்றார்கள். வாயைத் திறந்ததும் தரை அதிர்ந்தது, அக்கா. எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அழுகையாக வந்தது.

அங்கேயும் டப்பா இருக்கிறது. பழைய மிட்டாய் டப்பா. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. முதல் பாட்டுக்கு முன்பு நடத்துநர் கையைத் தூக்காமல், வெல்ஷில் ஏதோ கேட்டார். ஒருவர் தன் முழங்கால் ஆபரேஷன் பற்றிச் சொன்னார். இன்னொருவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றார். அதன் பிறகுதான் டப்பாவை மேஜையில் வைத்தார்கள்.

என்ன கேட்டார் என்று மெகனிடம் விசாரித்தேன். "எல்லாருடைய இடமும் சரியாக இருக்கிறதா?" என்று கேட்பாராம். இடம் என்றால் சுரங்கத்தில் அவரவர் வேலை செய்யும் இடம். சுரங்கம் ஓடிய காலத்தில் வேறு வேறு ஷிஃப்டுக்காரர்கள் ஒன்றாகச் சேர்வது கொயரில் மட்டும்தான். எங்கே கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது, எந்த முட்டு மரம் முனகுகிறது என்று கண்டவன் அங்கே எழுந்து சொல்லியாக வேண்டும். வரிசையில் நிற்கும் மேற்பார்வையாளன் எல்லார் முன்னிலையிலும் பதில் சொல்லியாக வேண்டும். அது முடிந்த பிறகுதான் வேலைப் பேச்சுக்கு அபராதம். "சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனிப் பாடு என்பதற்குத்தான் அந்த டப்பா" என்றாள் மெகன். "டெல்வினிடம் கேட்டால் சொல்லியிருப்பானே" என்றவள், தானே சிரித்தாள். "அவனுக்கு எப்படித் தெரியும்? சின்ன வயதில் அப்பா இழுத்துக்கொண்டு வருவார். இவன் ஃபுட்பால் ஆடிவிட்டு, முதல் பாட்டு முடிந்த பிறகுதான் உள்ளே நுழைவான்."

ஏன் கேட்கிறாய் என்றாள். சும்மாதான் என்றேன். தெரிந்ததை மறைத்துவிட்டேன். அத்தான் விசாரணையில் செய்ததும் கிட்டத்தட்ட அதுதானே.

உன்,
சங்கீதா

•

ஷார்ஜா
பிப்ரவரி 12, 2025

அன்புள்ள சங்கீ,

அவர் பாடுகிறாரா என்று கேட்டிருந்தாய். ஜனவரியிலிருந்து கொயருக்குப் போகிறார். நிற்கிறார், வாயசைக்கிறார். கண்டுபிடித்தது டீ முறைக்குப் போன நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன். ஒரு குரலும் தனியாகக் கேட்கக்கூடாது என்பதுதான் அங்கே விதி. அதனால் ஒருவர் பாடாவிட்டாலும் தெரியாது.

ரமலான் நோன்பு தொடங்கும் முன்பே, இருபத்திரண்டாம் தேதி வருஷக் கச்சேரி. அதில் ஒரு பாட்டைப் 'பணியில் உயிர் நீத்த தோழருக்கு' என்று பாடப்போகிறார்கள். மேடையில் அறிவிக்கப் பெயரைச் சரியாக உச்சரிப்பது எப்படி என்று டெல்வின் இவருக்கு மெசேஜ் அனுப்பிக் கேட்டார். இவர் பால்கனிக்குப் போய் நின்று, "பொன்னுச்சாமி... பொன்னுச்சாமி..." என்று பதிவு செய்வதும் அழிப்பதுமாக இருந்தார்.

அப்போதுதான் உன் கடிதத்தை என் போனில் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றிவிட்டு மறுபடி படித்தார்.

"இது மெகன் சொன்னதா? சங்கீதா சேத்து எழுதலையே?"

"அவ எதுக்குச் சேத்து எழுதறா?"

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "செவ்வாய்க்கெழம டீ முறை யாரோடது?" என்று கேட்டார்.

"என்னோடது இல்ல."

"கேட்டு வாங்கிக்கோ" என்றார்.

சனிக்கிழமை அனன்யாவுக்குப் பரீட்சை தொடங்குகிறது. அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

நளினி

•

ஷார்ஜா
பிப்ரவரி 20, 2025

அன்புள்ள சங்கீ,

உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதினால் பொய்.

செவ்வாய்க்கிழமை நடத்துநர் கையைத் தூக்கியபோது இவர், "முதல் பாட்டுக்கு முன் ஒன்று கேட்க வேண்டும்" என்று வரிசையிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தார். டெல்வின் கச்சேரியைப் பற்றி ஏதோ என்று நினைத்திருப்பார், தலையாட்டினார். "எல்லாருடைய இடமும் சரியாக இருக்கிறதா?" என்றார் இவர். யாருக்கும் புரியவில்லை. ஒருவர், "என் இடத்தில் வெளிச்சம் போதவில்லை" என்று தமாஷ் செய்தார்.

"என் இடம் சரியில்லை" என்றார் இவர். பள்ளத்தைச் சொன்னார். பலகையைச் சொன்னார். டெல்வினுக்குப் புரிந்துவிட்டது. "கௌரி, கலாஸ், போதும். இது அதற்கான இடம் இல்லை" என்றார். குரல் உயரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"இதுதான் அதற்கான இடம். உங்கள் ஊரில் இதைக் கேட்டுவிட்டுத்தான் பாடத் தொடங்குவார்கள். உங்கள் அக்கா சொன்னார். நான் சொல்ல வந்தேன். நீங்கள் டப்பாவைக் குலுக்கினீர்கள். நான் சிரித்தேன். அன்பரசன் உள்ளே இருக்கிறான். இருக்க வேண்டியது நாம் இரண்டு பேர்."

"அவனுக்கு மனம் சரியில்லை" என்று டெல்வின் மற்றவர்களைப் பார்த்தார். "அப்படி எதையும் நான் கேட்டதாக நினைவில்லை. உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா?"

முப்பது ஆண்கள், சங்கீ. அவ்வளவு பெரிய குரல்கள். ஒருவர் தன் ஷூவைப் பார்த்தார். இன்னொருவர் பாட்டுத்தாளைப் புரட்டினார்.

"எனக்குக் கேட்டது" என்றேன். டீ மேஜைக்குப் பின்னாலிருந்துதான். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "நான்தான் அன்று டீ ஊற்றினேன். டப்பா இரண்டு முறை குலுங்கியது."

டெல்வின் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. வேண்டாம் என்பது போல ஒரு பார்வை. அதைத்தான் மறக்க முடியவில்லை.

அன்று யாரும் பாடவில்லை. மறுநாள் காலை இருவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், மொழிபெயர்ப்பாளரை வைத்து வாக்குமூலம் கொடுத்தோம். இவருடைய பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். அனன்யாவிடம் அன்று மாலை சொன்னோம். "இப்பதான் சொல்லணுமாப்பா? ஃபிசிக்ஸ் நாளன்னிக்கு" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிறிது நேரத்தில் திறந்து, "அந்த அங்கிளுக்குப் பசங்க இருக்காங்களா?" என்று கேட்டாள். எந்த அங்கிள், இறந்தவரா உள்ளே இருப்பவரா என்று நாங்கள் கேட்கவில்லை. இரண்டு பேருக்குமே இருக்கிறார்கள்.

நளினி

•

வேல்ஸ்
பிப்ரவரி 26, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மூவரின் உடம்பையும் பார்த்துக்கொள். அத்தானை வேளைக்குச் சாப்பிட வை.

உன் மெயில் வந்த அன்றே கீழே போய் மெகனிடம் சொல்லிவிட உட்கார்ந்தேன். அவள் முந்திக்கொண்டாள். "டெல்வின் பேசினான். அந்த வழக்கத்தை அவர்களுக்கு யார் சொன்னது என்று கத்தினான். நான்தான் சொன்னேன் என்றேன். எதற்குக் கேட்கிறாய் என்று உன்னிடம் கேட்டேனே, பெண்ணே. சும்மாதான் என்றாயே." அவ்வளவுதான். எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள்.

வீட்டைக் காலிசெய்யச் சொல்லவில்லை. மாலை டீக்குக் கூப்பிடுவதும் இல்லை. நான் வேறு அறை தேடுகிறேன். அதற்காக நீ வருத்தப்படாதே. டிசம்பரிலேயே நீ கேட்ட கேள்விதான் இது. பதிலைத் தாமதமாகக் கொடுத்திருக்கிறேன்.

உன்,
சங்கீதா

•

ஷார்ஜா
ஏப்ரல் 19, 2025

அன்புள்ள சங்கீ,

புது அறையில் ஹீட்டர் வேலை செய்கிறதா? அனன்யா பரீட்சை முடித்துவிட்டாள். சுமாராக எழுதியிருக்கிறாள். இவருக்கு வேலை போய்விட்டதால் என் விசாவுக்கு இவரை மாற்ற விண்ணப்பித்திருக்கிறோம். வழக்கு முடியும்வரை இவர் ஊருக்குப் போக முடியாது. டெல்வினும்தான். இருவருக்கும் கோர்ட்டில் ஒரே நாள் கொடுத்திருக்கிறார்கள். கச்சேரி நடந்ததாம். அந்தப் பாட்டைப் பாடவில்லையாம். கொயர் சீருடையைத் திருப்பித் தரச் சொல்லி ஒரு மெயில் வந்தது. இஸ்திரி போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

அன்பரசன் வெளியே வந்துவிட்டார். நேற்று தொழிற்பேட்டையில் அவருடைய கேம்புக்குப் போனோம். ஒரு ரூமில் ஆறு கட்டில். மற்றவர்கள் எங்களைப் பார்த்ததும் வெளியே போய்விட்டார்கள். "உக்காருங்க மேடம்" என்று ஒரு கட்டிலைக் காட்டினார். உன் அத்தானை உட்காரச் சொல்லவில்லை.

"தேங்க்ஸ் சொல்லுவேன்னு வந்தீங்களா சார்?"

"இல்ல அன்பரசன்."

"அன்னைக்கு உங்ககிட்ட கேட்டேன்ல. எறக்கலாமா, வேணாமான்னு. வேணாம்னு ஒரு வார்த்த. ஒரே வார்த்த சார்."

அன்பரசனின் விரல் நகங்களில் இரண்டு முழுதாக முளைக்கவில்லை. மண்ணைத் தோண்டிய கை.

"அவன் எனக்கு அடுத்த ஊரு. நான்தான் விசா சொல்லிக் கூட்டியாந்தேன். அவன் வீட்ல இன்னமும் நான்தான் அவன எறக்கிவிட்டுக் கொன்னேன்னு நெனச்சிட்டிருக்காங்க. எங்கப்பா அந்தத் தெருப்பக்கமே போறதில்ல. கோர்ட்டுல நீங்க என்ன சொன்னாலும் அது அரபில இருக்கும் சார். அவன் பொண்டாட்டி சீதாலட்சுமிக்கு அதப் படிக்கத் தெரியுமா?" போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, இவர் கையில் வைத்தார். "நீங்களே சொல்லுங்க. உங்க வாயால."

அந்தப் பக்கம் மணி அடித்தது. இவர் என்னைப் பார்த்தார். சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

"அலோ, யாருங்க?"

"அம்மா, என் பேரு கௌரிசங்கர். பொன்னுச்சாமி வேல செஞ்ச சைட்டுக்கு நான்தான் சேஃப்டி பாத்தவன்."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த டி.வி. சத்தம் நின்றது. "சொல்லுங்க" என்றது அந்தக் குரல்.

அவர் சொன்னார், சங்கீ. எதையும் விடாமல் சொன்னார். சிரித்ததையும் சேர்த்து.

உன்,
நளினி